பாட்டிலுக்குள் எவ்வளவு மருந்து? மூலிகையை அளக்கும் குரோமட்டோகிராஃபி

களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் சித்த வைத்தியசாலையும் வர்ம ஆசான் பெயர்ப்பலகையும் வரும். அந்தப் பக்கம் ஆயுர்வேத மருந்துக் கடைகள். மருந்து முறை மாறினாலும் பாட்டிலில் ஒட்டிய தாளில் ஒரு வரி இப்போது இரண்டு பக்கமும் பொது: 'ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டது'. சில டப்பாக்களில் சதவீதக் கணக்கும் இருக்கும். மஞ்சளின் குர்குமின் 95 சதவீதம், நீர்ப்பிரம்மியின் பேக்கோசைடு 50 சதவீதம் என்று.

அந்த வரியைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். "லேப்ல பார்த்தாச்சு, அப்போ கட்டாயம் கேட்கும்" என்பது ஒரு பேச்சு. "மூலிகையோட வீரியத்தை மெஷின் எப்படிய்யா அளக்கும்?" என்பது இன்னொன்று. ஆய்வகம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று இரண்டு தரப்புமே பார்ப்பதில்லை. ஒரு சரக்கில் குறிப்பிட்ட ஒரு பொருள் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்பதுதான் அங்கே கேட்கப்படும் கேள்வி. நோய் தீருமா என்பதற்கு வேறு சோதனை வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் முறையின் பெயர் குரோமட்டோகிராஃபி. பள்ளிக்கூடத்தில் வண்ணப்பிரிகை என்று படித்திருப்போம். அது வேலை செய்யும் விதம் தெரிந்துவிட்டால், டப்பாவில் போட்டிருக்கும் சதவீதத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் பிடிபடும்.

## செடிக்குள் இருப்பதும் கெமிக்கல்தான்

"இதில் கெமிக்கலே கிடையாது" என்று சொல்லி விற்கிறார்களே, அதை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். மிளகு காரமாக இருப்பது பைப்பரின் என்ற பொருளால். மஞ்சள் மஞ்சளாக இருப்பது குர்குமினும் அதன் இரண்டு உறவுக்காரப் பொருள்களும் சேர்ந்திருப்பதால். நிலவேம்பை வாயில் வைத்தால் முகம் சுளிக்கிறோமே, அந்தக் கசப்பில் பெரும்பங்கு ஆண்ட்ரோகிராஃபோலைடுக்கு. ஆடாதோடை இலையில் வாசிசின். எல்லாமே வேதிப்பொருள்கள்தான், செடி தானே சமைத்துக்கொண்டவை.

ஓர் இலைக்குள் இப்படி நூற்றுக்கணக்கான பொருள்கள் உண்டு. அவற்றில் உடம்பில் வேலை செய்வதாக ஆய்வுகள் காட்டும் சிலவற்றை செயல்படு பொருள் என்கிறோம். அளப்பதற்காகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் பொருளுக்கு மார்க்கர் என்று பெயர். பல சமயம் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். எப்போதும் அப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தச் செடியில் நிச்சயமாக இருக்கும், அளக்கவும் எளிது என்பதற்காக மட்டும் மார்க்கர் ஆக்கப்பட்ட பொருள்களும் உண்டு.

எதற்காக அளக்க வேண்டும்? ஒரே செடி எல்லா இடத்திலும் ஒரே அளவு பொருளைத் தருவதில்லை. நிலவேம்பில் இலையில்தான் ஆண்ட்ரோகிராஃபோலைடு அதிகம், தண்டில் குறைவு. செடியை வேரோடு பிடுங்கிக் காயவைத்து விற்கும்போது கட்டு அவிழ்ந்து இலையெல்லாம் சாக்குக்குள் உதிர்ந்துவிடும். மேலே இருக்கும் குச்சியை அள்ளிப் பொடித்தவருக்கு ஒரு மருந்து, அடியில் கிடக்கும் இலைத்தூளை அள்ளியவருக்கு வேறு மருந்து. இரண்டும் ஒரே சாக்கு, ஒரே விலை. பறித்த பருவம், மண், காயவைத்த விதம், எத்தனை மாதம் கிடந்தது என்பதெல்லாம் இதற்கு மேல்.

## நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்

மஞ்சள் பொடியில் குர்குமின் எவ்வளவு என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பொடியை ஆல்கஹாலில் கரைத்து வடிகட்டி, அந்தக் கரைசலுக்குள் குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியைச் செலுத்த வேண்டும். குர்குமின் ஏறத்தாழ 425 நானோமீட்டர் ஒளியை நன்றாக உறிஞ்சும். எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்று பார்த்து அளவைக் கணக்கிடலாம். இதைச் செய்யும் கருவிக்கு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்று பெயர். விலை குறைவு, வேலை சீக்கிரம் முடியும்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஒளியை உறிஞ்சும் எதுவாக இருந்தாலும் கருவி அதைக் குர்குமின் கணக்கில் சேர்த்துவிடும். கலப்படக்காரர்கள் மஞ்சளில் சேர்க்கும் மெட்டானில் மஞ்சள் என்ற சாயமும் அதே பகுதியில் ஒளியை உறிஞ்சக்கூடியது. மட்டமான மஞ்சளில் சாயத்தைக் கலந்தால் இந்தச் சோதனையில் அது உயர்ந்த ரகமாகத் தெரிய வாய்ப்புண்டு.

கலவையைக் கலவையாகவே வைத்துக்கொண்டு அளந்தால் இந்தத் தொல்லை தீராது. முதலில் பிரிக்க வேண்டும், அப்புறம் அளக்க வேண்டும். குரோமட்டோகிராஃபி முழுவதும் இந்த ஒரு யோசனையில்தான் நிற்கிறது.

## வாவுபலிப் பொருட்காட்சியில் ஒரு குடும்பம்

சரி, கண்ணுக்குத் தெரியாத பொருள்களை எப்படிப் பிரிப்பது?

குழித்துறையில் ஆடி அமாவாசையை ஒட்டி நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சிக்கு ஒரு குடும்பம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில் நுழைகிறார்கள். மாமாவுக்கு எதிலும் நாட்டமில்லை, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து மறுவாசலில் வெளியே வந்து நிற்கிறார். அம்மா செடிக்கடையில் நின்று, பாத்திரக்கடையில் நின்று, கொஞ்சம் கழித்து வருகிறார். பிள்ளைகள் ராட்டினம், பஞ்சுமிட்டாய், பொம்மை என்று ஒவ்வோர் இடத்திலும் ஒட்டிக்கொள்கிறார்கள், கடைசியில் வருகிறார்கள். யாரும் அவர்களைப் பிரிக்கவில்லை. கடைகளின்மேல் அவரவருக்கு இருந்த ஈர்ப்பு வேறு வேறு, அதனால் வெளியே வந்த நேரமும் வேறு வேறாகிவிட்டது. கடைகள் இன்னும் நிறைய இருந்திருந்தால் இடைவெளியும் கூடியிருக்கும்.

குரோமட்டோகிராஃபியில் கடைகளின் இடத்தில் இருப்பது அசையாத ஒரு பொருள். பெரும்பாலும் சிலிக்கா தூள். இதற்கு நிலையான ஊடகம் என்று பெயர். ஆட்களைத் தள்ளிக்கொண்டு போகும் கூட்டத்தின் இடத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு திரவம். இது நகரும் ஊடகம். மூலிகைச் சாற்றில் உள்ள ஒவ்வொரு பொருளும் தூளின் மேல் கொஞ்ச நேரம் ஒட்டும், பிறகு திரவத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் போகும், மறுபடி ஒட்டும். ஒட்டும் ஆசை அதிகமுள்ள பொருள் பின்தங்கும். திரவத்தோடு போகும் ஆசை அதிகமுள்ளது முந்தும்.

வீட்டிலேயே பார்க்கலாம். காபி வடிகட்டும் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அடியிலிருந்து சற்று மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பொட்டு வையுங்கள். பொட்டு நனையாமல் தாளின் அடி மட்டும் தண்ணீரில் படும்படி டம்ளரில் நிறுத்துங்கள். தண்ணீர் தாளில் ஏற ஏற, கறுப்பு நீலமாகவும் சிவப்பாகவும் மஞ்சளாகவும் பிரிந்து மேலே போகும். கறுப்பு என்று நாம் நினைத்தது நாலைந்து சாயங்களின் கலவை. இதையே அழியாத மார்க்கர் பேனாவில் செய்தால் பொட்டு அசையாது, ஏனென்றால் அந்த மை தண்ணீரில் கரையாது. தண்ணீருக்குப் பதில் ஸ்பிரிட் ஊற்றினால் நகரத் தொடங்கும். எந்தப் பொருளுக்கு எந்தத் திரவம் என்று கண்டுபிடிப்பதில்தான் ஆய்வகத்தில் இருப்பவர்களின் பாதி நேரம் போகிறது.

இந்த முறையைத் தொடங்கி வைத்தவர் மிகைல் த்ஸ்வெத் என்ற ரஷ்யத் தாவரவியலாளர். வார்சாவில் வேலை பார்த்துவந்த அவர் 1903ல் இதைப் பற்றி உரையாற்றினார், 1906ல் இதற்குப் பெயரும் வைத்தார். சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றி, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாக இறங்குவதைக் காட்டினார். வாழ்ந்த காலத்தில் அவரைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1952ல் இந்த முறையின் ஒரு புதிய வடிவத்துக்காக மார்ட்டினும் சிங்கும் வேதியியல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கலவையை அசையாத ஒரு பொருளின் மேல் ஓடும் திரவத்தில் விட்டால், ஒவ்வொரு பொருளும் தன் ஈர்ப்புக்கு ஏற்ற வேகத்தில் போய்த் தானாகப் பிரிந்துவிடும்.

## பற்பாடகம் கேட்டால் எந்தப் பற்பாடகம்?

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இந்த முறை எதற்கு உதவும் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது அளவை இல்லை, அடையாளத்தை.

2012 டெங்குப் பரவலின்போது தமிழ்நாடு அரசு பரவலாகக் கொடுத்த நிலவேம்புக் குடிநீர் நினைவிருக்கும். அதில் ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சுவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம். கேரளத்தில் காய்ச்சலுக்குப் பழக்கமான ஷடங்கம் கஷாயத்தில் ஆறு சரக்கு. அவற்றில் கோரைக்கிழங்கு, வெட்டிவேர், சந்தனம், சுக்கு, பற்பாடகம் ஆகிய ஐந்தும் நிலவேம்புக் குடிநீரிலும் உண்டு. ஆனால் சித்த மருத்துவர்கள் பற்பாடகம் என்று எடுப்பது மொல்லுகோ செர்வியானா என்ற செடி. கேரளத்தில் பர்ப்படகம் என்று எடுப்பது ஓல்டன்லாண்டியா கோரிம்போசா, காப்பிச் செடியின் குடும்பம். இரண்டுக்கும் உறவே இல்லை. வடக்கே போனால் அதே பெயருக்கு மூன்றாவதாக ஒரு செடி.

விவரம் தெரிந்த கடைக்காரர் என்றால், "எதுக்கு மக்களே, நிலவேம்புக் கஷாயத்துக்கா, ஷடங்கத்துக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். அவர் முழுச்செடியைக் கண்ணால் பார்த்து எடுக்கிறார். இடித்துப் பொடியாக்கிச் சலித்துப் பாக்கெட்டில் அடைத்துவிட்டால் அவராலும் சொல்ல முடியாது. ஆடாதோடையிலும் இதே கதை: தமிழ்நாட்டில் எடுப்பது பெரிய இலைச் செடி, கேரள வைத்தியர்கள் பலர் விரும்புவது சிற்றாடலோடகம். சங்கபுஷ்பி என்றால் கேரளத்தில் நம் வேலியில் படரும் சங்குப்பூ, வடநாட்டில் அது வேறு கொடி. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு மரபு. தொழிற்சாலை ஒன்று மொத்தமாகச் சரக்கு வாங்கும்போதுதான் இது வில்லங்கமாகிறது.

இந்த இடத்தில் உதவுவது டி.எல்.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மெல்லடுக்குக் குரோமட்டோகிராஃபி. உள்ளங்கையில் அடங்கும் அலுமினியத் தகடு ஒன்றில் சிலிக்கா மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். பொடியை மெத்தனாலில் ஊறவைத்து வடித்த சாற்றை, மயிரிழைக் குழாயால் தகட்டின் அடியில் ஒரு பொட்டாக வைப்பார்கள். பக்கத்திலேயே, தாவரவியலாளர் சரிபார்த்த உண்மையான செடியின் சாறும் ஒரு பொட்டு. மூடிய கண்ணாடித் தொட்டியில் கொஞ்சம் கரைப்பான் ஊற்றித் தகட்டை நிறுத்தினால், ஸ்கெட்ச் பேனா வித்தையே இங்கும் நடக்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு. மூலிகைப் பொருள்களில் பெரும்பாலானவை நிறமற்றவை. கரைப்பான் மேலே ஏறி முடித்ததும் தகட்டைப் பார்த்தால் வெறும் வெள்ளையாக இருக்கும், ஒன்றுமே நடக்காதது போல. அதை 254 நானோமீட்டர் புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் தகடு பச்சையாக ஒளிரும், பொருள்கள் இருக்கும் இடம் கறுத்துத் தெரியும். 366ல் வைத்தால் சில பட்டைகள் நீலமாகவும் சிவப்பாகவும் மினுங்கும். அமிலம் கலந்த ஒரு திரவத்தைத் தெளித்துச் சூடாக்கினால் ஊதா, நீலம், பச்சை என்று இன்னும் சில பட்டைகள் எழுந்து வரும். ஒவ்வொரு செடிக்கும் இந்தப் பட்டைகளின் வரிசை வேறு. இதைத்தான் அந்தச் செடியின் கைரேகை என்கிறார்கள். இரண்டு பொட்டுகளின் வரிசையும் பொருந்தினால் அதே செடிதான் என்று எடுத்துக்கொள்ளலாம், பொருந்தாவிட்டால் சரக்கு திரும்பிப் போகும். அசோகப் பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டை வந்தாலும் இப்படித்தான் பிடிபடும்.

ஆயுர்வேத பார்மகோபியாவில் பல சரக்குகளுக்கு எந்தக் கரைப்பானில் எந்த இடத்தில் பட்டை வர வேண்டும் என்று கொடுத்திருக்கிறார்கள். பார்மகோபியா என்றால் மருந்துச் சரக்குகளின் தரத்தை வரையறுக்கும் அதிகாரபூர்வப் புத்தகம். ஒப்பிடுவதற்கு உண்மைச் செடி வேண்டுமே, அதற்குத்தான் பெயர் எழுதிக் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் ஹெர்பேரியங்கள். நம் பக்கத்திலிருந்து போக வசதியாக, திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் 1979ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில் அப்படி ஒன்று இருக்கிறது.

## அளவு எப்படிக் கிடைக்கிறது

என்ன செடி என்று தெரிந்தாயிற்று. எவ்வளவு என்பதற்குப் பெரும்பாலும் ஹெச்.பி.எல்.சி. என்ற கருவி. உயர்செயல்திறன் திரவக் குரோமட்டோகிராஃபி என்று நீட்டிச் சொல்லலாம், யாரும் சொல்வதில்லை. தகட்டின் இடத்தில் இங்கே ஓர் எஃகுக் குழாய். சாதாரணமாக 25 சென்டிமீட்டர் நீளம், உள்விட்டம் 4.6 மில்லிமீட்டர். அதற்குள் 5 மைக்ரான் பருமனுள்ள சிலிக்கா துகள்கள் இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நெருக்கத்தில் திரவம் தானாக இறங்காது. ஒரு பம்ப் பெரும் அழுத்தத்தில் அதைத் தள்ளும். அப்படித் தள்ளியும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர்தான் போகும்.

சாற்றில் 10 அல்லது 20 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சொட்டிலும் சிறு பங்கு, ஓடும் திரவத்துக்குள் செலுத்தப்படும். குழாயின் மறுமுனையில் டிடெக்டர் என்ற உணர்கருவி ஒளி பாய்ச்சிக்கொண்டே காத்திருக்கும். ஒன்றும் வராதபோது திரையில் நேர்கோடு. ஒரு பொருள் வெளியே வரும்போது கோடு ஏறி இறங்கும். அந்த மேட்டுக்குப் பீக் என்று பெயர். எத்தனையாவது நிமிடத்தில் மேடு எழுந்தது என்பது அது எந்தப் பொருள் என்று சொல்லும், மேட்டின் பரப்பு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும்.

ஆனால் கருவிக்குத் தானாக மில்லிகிராம் தெரியாது, பரப்பு மட்டும்தான் தெரியும். அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். தூய்மை உறுதி செய்யப்பட்ட பொருளைக் கம்பெனிகள் சின்னக் குப்பியில் விற்கின்றன. இதற்கு ஸ்டாண்டர்டு என்று பெயர். சில மில்லிகிராமுக்கே பல ஆயிரம் ரூபாய் கேட்கும் ஸ்டாண்டர்டுகள் உண்டு. சிறிய மருந்துக்கூடங்கள் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிளகை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. பைப்பரின் ஸ்டாண்டர்டை மில்லிலிட்டருக்கு 0.02, 0.04, 0.06, 0.08 மில்லிகிராம் என்று நான்கு கரைசலாகச் செய்து செலுத்துகிறோம். பரப்பு 200, 400, 600, 800 என்று வருகிறது. வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு. இனி எந்தப் பரப்பைக் கொடுத்தாலும் அளவைச் சொல்லிவிடலாம்.

இப்போது மிளகுப் பொடி 1 கிராம், அதாவது 1000 மில்லிகிராம் எடுத்து, அதிலுள்ள பைப்பரினை மெத்தனாலில் இறக்கி, 100 மில்லிலிட்டர் ஆக்குகிறோம். அது கோட்டின் எல்லையைத் தாண்டி அடர்த்தியாக இருக்கும் என்பதால் பத்து மடங்கு நீர்க்கச் செய்து செலுத்துகிறோம். பரப்பு 480. கோட்டில் பார்த்தால் மில்லிலிட்டருக்கு 0.048 மில்லிகிராம். நீர்த்ததற்குப் பத்தால் பெருக்க 0.48. மொத்தம் 100 மில்லிலிட்டர், ஆக 48 மில்லிகிராம். ஆயிரத்தில் 48 என்றால் 4.8 சதவீதம். ரிப்போர்ட்டில் வரும் ஒற்றை எண்ணுக்குப் பின்னால் இருப்பது இந்தப் பெருக்கல்தான். பைப்பரின் வெளிச்சம் பட்டால் உருமாறக்கூடியது, அதனால் கரைசலைப் பழுப்புக் குடுவையில் வைப்பார்கள். வைக்க மறந்தால் கணக்கு சரியாக இருந்தும் விடை குறையும்.

சுருக்கமாக: பீக் வரும் நேரம் அடையாளம், பீக்கின் பரப்பு அளவு, ஸ்டாண்டர்டு இல்லாமல் இரண்டையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

## கருவிக்கு முன்னால் நடக்கும் வேலை

கருவியைப் பற்றிப் பேசுகிற அளவுக்குச் சாறு எடுப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரும்பாலான தவறுகள் அங்கேதான். பொடியிலிருந்து பொருள் முழுவதும் கரைப்பானில் இறங்கவில்லை என்றால், கருவி இறங்கினதை மட்டும் அளந்து குறைவாகச் சொல்லும். அதனால் ஒரே பொடியை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவையும் புதுக் கரைப்பானில் ஊறவைத்து, இனி ஒன்றும் வரவில்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். கஷாயமாகக் குடிக்கும் மருந்தை மெத்தனாலில் எடுத்து அளந்தால் வேறொரு குழப்பம். ஆண்ட்ரோகிராஃபோலைடு மெத்தனாலில் நன்றாகக் கரையும், தண்ணீரில் சரியாகக் கரையாது. பொடியில் இருக்கும் அளவு ஒன்று, காய்ச்சி வடித்த டம்ளரில் வருவது இன்னொன்று.

இஞ்சியையும் சுக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை இஞ்சியின் காரத்துக்கு முக்கியக் காரணம் ஜிஞ்சரால். காயும்போதும் சூடாகும்போதும் அதில் ஒரு பகுதி நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் என்ற பொருளாக மாறும். ஷோகாலுக்குக் காரம் இன்னும் கூடுதல். இரண்டையும் ஹெச்.பி.எல்.சி.யில் செலுத்தினால் இஞ்சியில் குட்டையாக இருந்த ஷோகால் பீக் சுக்கில் எழுந்து நிற்பது தெரியும். சுக்கு வேறு, இஞ்சி வேறு என்று நம் வைத்தியத்தில் தனித்தனியாகக் கணக்கு வைத்ததற்கு, கருவியில் பார்க்கக் கிடைக்கும் ஒரு காரணம் இது. பார்த்தபோது எனக்குப் பிடித்துப்போன விஷயமும்கூட.

தைலமும், குழம்பு என்ற கெட்டியான மருந்தெண்ணெயும் ஆய்வகத்துக்குத் தலைவலி. எண்ணெய் குழாயை அடைத்துவிடும், ஆகவே முதலில் எண்ணெயிலிருந்து மருந்துப் பொருளைத் தனியே இறக்க வேண்டும். லேகியத்தில் சர்க்கரை இழுக்கும். அரிஷ்டத்தில் தானாக ஊறிய ஆல்கஹால் எவ்வளவு என்று பார்க்க, திரவத்துக்குப் பதில் வாயுவை ஓடவிடும் கேஸ் குரோமட்டோகிராஃபி பொருத்தம்.

கேஸ் குரோமட்டோகிராஃபியோடு நிறை அளக்கும் கருவியைச் சேர்த்து, 'இந்த இலையில் நாற்பது மருந்துப் பொருள்கள் கண்டுபிடிப்பு' என்று செய்தி வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆவியாகக்கூடிய பொருள்கள் மட்டுமே அதில் தெரியும். வல்லாரையில் உள்ள சப்போனின் போன்ற கனமான பொருள்கள் அப்படியே நேராக அதில் வரவே வராது. மேலும், கணினி தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்லும் பெயர்கள் அவை, பல சமயம் ஸ்டாண்டர்டு வைத்து யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

## அந்த எண் சொல்லாதவை

ஆடாதோடைப் பொடியில் வாசிசின் சரியான அளவு இருக்கிறது என்று ரிப்போர்ட் வருகிறது. பெரிய ஆடாதோடையா, சிற்றாடலோடகமா? இரண்டிலும் வாசிசின் உண்டு, அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கைரேகையும் வேண்டும், அளவும் வேண்டும்.

மார்க்கர் எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், அதை மட்டும் வாங்கிச் சேர்க்கும் ஆசையும் வரும். மட்டமான மஞ்சளில் தொழிற்சாலையில் செய்த குர்குமினைக் கலந்தால் குர்குமின் பீக் உயர்ந்துவிடும். இயற்கை மஞ்சளில் குர்குமினோடு டிமெத்தாக்ஸி குர்குமின், பிஸ்டிமெத்தாக்ஸி குர்குமின் என்ற இரண்டும் கூடவே வரும். ஒன்று மட்டும் ஓங்கி நின்று மற்ற இரண்டும் சுருங்கியிருந்தால் அனுபவப்பட்ட ஆய்வாளர் புருவத்தை உயர்த்துவார். ஒற்றைச் சதவீதம் மட்டும் அச்சிட்ட டப்பாவில் இது தெரியாது.

முறையைக் கேட்காமல் எண்ணை ஒப்பிடக் கூடாது. நீர்ப்பிரம்மியின் பேக்கோசைடை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் அளந்தால் ஒரு விடை, ஹெச்.பி.எல்.சி.யில் அளந்தால் அதைவிடக் குறைந்த விடை. முதலாவது அந்த இனத்தைப் போலத் தெரியும் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிறது, இரண்டாவது பிரித்து எண்ணுகிறது. 50 சதவீதம் என்று போட்ட டப்பா 20 சதவீதம் என்று போட்டதைவிட வீரியம் கூடியது என்று அதனாலேயே சொல்ல முடியாது.

கருவி கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும் என்பதும் முக்கியம். சில மூட்டுவலிப் பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளை ரகசியமாகக் கலப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. பிடித்ததும் குரோமட்டோகிராஃபிதான். ஆனால் ஸ்டீராய்டைத் தேடினால்தான் அது கிடைக்கும். பைப்பரின் அளவு கேட்டு அனுப்பிய ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களுக்கு முற்றிலும் வேறு கருவி.

பாட்டிலில் இருப்பது ரத்தத்துக்குப் போய்ச்சேருமா என்பதையும் அந்த எண் சொல்லாது. 1998ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, உடலுக்குக் கிடைக்கும் குர்குமின் 2000 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். விழுங்கிய குர்குமின் அளவில் மாற்றமில்லை, உள்ளே போனதில்தான் அத்தனை வித்தியாசம். ரத்தத்தில் கூடினால் நோய் குறையுமா என்பதற்கு, நோயாளிகளை வைத்து மருத்துவ ஆய்வு செய்துதான் சொல்ல வேண்டும்.

## ரிப்போர்ட் கையில் கிடைத்தால்

கேட்டால் ரிப்போர்ட்டைக் காட்டும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். முதலில் பேட்ச் எண்ணைப் பாருங்கள். உங்கள் டப்பாவில் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அது உங்கள் மருந்தைப் பற்றிய பேச்சு. பல இடங்களில் மூன்று வருடத்துக்கு முன் எடுத்த ஒரே ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருப்பார்கள். அடுத்து எந்த மார்க்கர், எந்த முறை, எந்தச் செடியின் எந்தப் பாகம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'தரமானது' என்று மட்டும் இருந்தால் அதில் படிக்க ஒன்றும் இல்லை.

கடைசியாகச் சின்ன எழுத்தில் ஒன்று இருக்கும்: அளவு உலர்ந்த எடைக்கா, உள்ளபடியே இருக்கும் எடைக்கா என்று. நம் பக்கத்தில் எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, சாக்கில் கிடக்கும் சரக்கு ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே பார்த்த மிளகுப் பொடியில் 12 சதவீதம் ஈரம் இருந்ததாக வைத்துக்கொண்டால், உள்ளபடியே 4.8 சதவீதம் என்பது உலர்ந்த எடைக் கணக்கில் 5.45 சதவீதமாகிவிடும். ஒரே சாக்கு மிளகுதான். விற்பவர் பெரிய எண்ணை அச்சிடுவார், வாங்கும் கம்பெனி சின்ன எண்ணைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்க்கும், இரண்டு எண்ணும் சரியானவையே.